அம்மாவின் கவனிப்பில் குறை தெரிகிறது; யாரிடம், எப்படிச் சொல்வது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 71. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்து, பேச்சும் குழறிப்போய் மருத்துவமனையில் இருக்கிறார். பகலில் மகள், இரவில் தம்பி என்று மாறி மாறித் துணைக்கு இருக்கிறார்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பதால் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் தர வேண்டும், நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் தர வேண்டும் என்று விழுங்கல் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். பகலில் அப்படியே நடக்கிறது. இரவிலோ, சாய்ந்து படுத்திருந்தவருக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை கொடுத்து இரண்டு முறை கடுமையாகப் புரையேறியிருக்கிறது.

அடுத்து, இரண்டு நாளாக அம்மா பகலெல்லாம் தூங்கி வழிகிறார். மகளைப் பார்த்ததும் கையைப் பற்றிக்கொண்டவர், இப்போது யாரோ எவரோ என்பதுபோல் பார்க்கிறார். செவிலியரிடம் சொன்னதற்கு, "வயசாயிட்டா அப்படித்தாம்மா, ஆஸ்பத்திரியில தூக்கம் கெட்டிருக்கும்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாவதாக, படுக்கை நனைந்ததற்காக ஒரு செவிலியர் அம்மாவைப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முன்னால் திட்டியிருக்கிறார். அம்மா அழுததைத் தம்பி செல்போனில் படம்பிடித்து வைத்திருக்கிறார்.

"அதை இணையத்தில் போடணும் என்கிறான் தம்பி. சித்தியோ, 'நாளைக்கும் அவங்க கையாலதான் மருந்து வாங்கணும், பேசாம இரு' என்கிறார். கருத்துப் படிவத்தை நிரப்பிப் பெட்டியில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எனக்கு வாயே வருவதில்லை. நான் ஏதாவது சொன்னால் அம்மாவைப் பழிவாங்குவார்களா? சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கக்கலக்கத்தைப் பற்றி உடனே டூட்டி டாக்டரிடம் பேசும்படி, கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பியிருந்தேன். அதற்குள் பேசியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எல்லாவற்றையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நீங்கள் மூன்று விஷயங்களையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறீர்கள். மனசு நிறைந்து கிடக்கும்போது அப்படித்தான் வரும், அதில் தவறில்லை. ஆனால் வார்டில் இதே மாதிரி சொன்னால், 'திட்டினார்கள்' என்ற ஒன்று மட்டும்தான் கேட்பவர் காதில் நிற்கும். உடனே அவர் தன் தரப்பை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். உயிருக்கு ஆபத்தான விஷயம் அந்த வாக்குவாதத்தில் அமுங்கிப்போகும். மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். தூக்கக்கலக்கத்தை அந்த நிமிடமே சொல்ல வேண்டும். விழுங்கும் விஷயம் எழுத்தில் ஏற வேண்டும். திட்டியதைத் தனியாக, நிதானமாகப் பேச வேண்டும்.

முதலில் அந்தத் தூக்கக்கலக்கம்

"வயசானா அப்படித்தான்" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நேற்றுவரை மகளை அடையாளம் கண்டவர் இரண்டே நாளில் தெரியாதவர்போல் பார்த்தால், அதற்கு வயது காரணமில்லை. வயது அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ தோன்றி, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் தெரியும் இப்படிப்பட்ட குழப்பத்தை மருத்துவர்களாகிய நாங்கள் டெலிரியம் என்கிறோம். கத்துவது, கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்குவது என்று ரகளையாக வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். அமைதியாகத் தூங்கி வழியும் வடிவத்தில் வந்தால், 'இன்றைக்குத் தொந்தரவு இல்லாமல் படுத்திருக்கிறார்' என்று விட்டுவிடுகிறார்கள். முதியோர் வார்டுகளில் அதிகம் தவறவிடப்படுவது இந்த அமைதியான வடிவம்தான். தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை என்று எதுவும் இதற்குக் காரணமாக இருக்கலாம். பக்கவாத நோயாளிக்கு மூளையிலேயே புதிதாக ஏதாவது நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் அன்றைக்கே ஒரு மருத்துவர் வந்து பார்த்தாக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு இப்போது வருகிறேன். இரவில் புரையேறியதைப் பார்த்தவர் தம்பி. பகலில் தூக்கக்கலக்கத்தைப் பார்த்தவர் நீங்கள். இரண்டும் வேறு வேறு குறைகள் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். புரையேறும்போது தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் அங்கே தொற்று ஏற்படலாம். முதியவர்களுக்கு நுரையீரல் தொற்றின் முதல் அறிகுறி காய்ச்சலாகவோ இருமலாகவோ இல்லாமல், இப்படிப்பட்ட மந்தமாகவே இருப்பதுண்டு. அம்மாவுக்கு நடந்தது அதுதான் என்று ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நான் சொல்ல முடியாது. ஆனால் இரவுச் செவிலியருக்குப் புரையேறியது தெரியும், தூக்கக்கலக்கம் தெரியாது. பகல் செவிலியருக்குத் தூக்கக்கலக்கம் தெரியும், புரையேறியது தெரியாது. மருத்துவர் வந்து நிற்பதோ சில நிமிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடியவர்கள் நீங்களும் தம்பியும்தான். இதைச் சொல்வதை 'குறை சொல்வது' என்று நினைத்துத் தயங்காதீர்கள். நாங்கள் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் உங்கள் கையில் இருக்கிறது.

"எனக்கு என்ன தெரியும், அவர்கள் மெஷினில் பார்க்கிறார்களே" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மெஷின் நாடித்துடிப்பைக் காட்டும், ஆக்சிஜனைக் காட்டும். அம்மா நேற்று எப்படி இருந்தார் என்பதை அது காட்டாது. டெலிரியத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று ஒரே ஒரு கேள்விதான்: "இவர் வழக்கத்தைவிடக் குழப்பமாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறதா?" அது நோயாளியின் உறவினரிடமோ நண்பரிடமோ கேட்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கேள்வி.

வாய் வராதபோது என்ன சொல்வது

"அம்மா சரியில்லை டாக்டர், யாருமே கவனிக்க மாட்டேங்கிறாங்க" என்றால், கேட்பவருக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. ஆறுதல் சொல்லலாம், அல்லது கோபப்படலாம். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டாக்டர், நேத்து முந்தின நாள் காலைவரைக்கும் அம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடிப்பாங்க. அன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து கூப்பிட்டா கண்ணைத் திறந்து உடனே மூடிக்கிறாங்க. அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரியும் மாத்திரை குடுக்கும்போது புரையேறியிருக்கு. நெஞ்சுல சளி கட்டியிருக்குமோன்னு பயமா இருக்கு. இன்னைக்கே பரிசோதிச்சுப் பார்க்கணும். எத்தனை மணிக்குப் பார்ப்பீங்க?"

இதில் நான்கு துண்டுகள் இருக்கின்றன: இப்போது என்ன நடக்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, என்ன வேண்டும். மருத்துவரும் செவிலியரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பல நாடுகளில் பயன்படுத்தும் 'எஸ்பார்' என்ற முறையும் இதே வரிசைதான். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில், அவசரத்தில் பேச்சு குழம்பிவிடக் கூடாது என்று உருவானது பின்னாளில் மருத்துவமனைகளுக்கு வந்தது. உங்களுக்குப் பெயர் தேவையில்லை, வரிசை போதும். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தே படியுங்கள். பார்த்துப் படிக்கும் உறவினரை எந்த மருத்துவரும் குறைவாக நினைப்பதில்லை. எனக்கு அது பெரிய உதவி.

'பரிசோதிச்சுப் பார்க்கணும், எத்தனை மணிக்கு' என்ற கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நேரம் கேட்டால்தான் உங்கள் பேச்சு ஒரு வேலையாக மாறி யாரோ ஒருவர் தலையில் ஏறும். அந்த நேரம் தாண்டியும் யாரும் வராவிட்டால், காத்திருக்காமல் அடுத்த படிக்குப் போங்கள். படுக்கையருகே இருக்கும் செவிலியர், அந்த ஷிப்டின் பொறுப்புச் செவிலியர், டூட்டி டாக்டர், சிகிச்சை தரும் மூத்த மருத்துவர், கடைசியாக மருத்துவமனை நிர்வாகம் என்பது வழக்கமான வரிசை. ரவுண்ட்ஸுக்குப் 'பெரிய டாக்டர்' வரட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துவைப்பது உங்களைப் போல் பலரும் செய்வது. அவசரமில்லாத விஷயத்துக்கு அது சரி. ஆள் மந்தமாவது, மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது போன்றவற்றுக்கு ரவுண்ட்ஸ்வரை காத்திருக்கவே கூடாது. அப்போது வரிசையும் பார்க்க வேண்டாம், முதலில் கண்ணில்படும் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

குடும்பத்தார் இப்படிக் குரல் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், மூன்று வயதுகூட நிறையாத ஒரு சிறுவன் 2007இல் தொற்றால் இறந்தான். அவன் மோசமாகிக்கொண்டே போகிறான் என்ற பெற்றோரின் கவலைக்கு உரிய நேரத்தில் பதில் கிடைக்கவில்லை. அதன்பின் அங்கே 'ரயனின் விதி' வந்தது. செவிலியரிடமும் பொறுப்பாளரிடமும் சொல்லியும் கவலை தீராவிட்டால், வேறொரு மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று குடும்பமே கோரலாம். இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 2021இல் செப்சிஸால் (தொற்று முற்றி உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் நிலை) இறந்தபின் 'மார்த்தாவின் விதி' உருவாகி, 2024 முதல் மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியின் நிலை எப்படி என்று நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் தினமும் முறைப்படி கேட்டுப் பதிவு செய்வது அதன் ஒரு பகுதி. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறதா என்று பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். இல்லாவிட்டாலும், இன்னொரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

பகலில் சரியாக நடப்பது இரவில் ஏன் தவறுகிறது

இரவுச் செவிலியருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதைவிட அதிக வாய்ப்பு, விழுங்கல் பயிற்சியாளர் சொன்னது அவர் காதுக்கே போய்ச் சேராமல் இருப்பதுதான். பயிற்சியாளர் பகலில் வந்தார், பகல் செவிலியரிடம் சொன்னார், கேஸ் ஷீட்டில் எங்கோ ஒரு பக்கத்தில் எழுதினார். இரவு மாத்திரை கொடுப்பவர் கையில் இருப்பது மருந்து அட்டை. அந்த அட்டையில் மாத்திரையின் பெயரும் நேரமும் இருக்கின்றன, தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டும் என்பது இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் பத்து இருபது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும்போது விழுந்துபோவது இந்த மாதிரி வரிகள்தான்.

அதனால் இங்கே ஆளைக் குற்றம்சாட்டுவதைவிட, விஷயத்தை எழுத்தில் ஏற்றுவது அம்மாவுக்கு அதிகம் உதவும். இரண்டு இடத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒன்று மருந்து அட்டை, மற்றொன்று படுக்கையின் தலைமாட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு தாள். "நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே வாயில் எதுவும் தரவும். தண்ணீர் கெட்டியாக்கியே தரவும். கொடுத்தபின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம்" என்று மூன்று வரி இருந்தால் போதும். எவ்வளவு கெட்டி என்பதைப் பயிற்சியாளரிடமே கேட்டு அவர் கையால் எழுதி வாங்குங்கள். நீங்களாக எழுதி ஒட்டினால் அதற்கு மதிப்பு குறைவு.

மாத்திரைகளை நீங்களே பொடித்துக் கொடுத்துவிட வேண்டாம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட சில மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். எதைப் பொடிக்கலாம், எதற்கு வேறு வடிவம் இருக்கிறது என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். புரையேறினால் இருமல் வரும் என்பதையும் நம்பிவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு இருமலே இல்லாமல் நுரையீரலுக்குள் இறங்குவதும் நடக்கும். விழுங்கியபின் குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் நிறுத்திவிட்டுச் செவிலியரைக் கூப்பிடுங்கள்.

ஷிப்ட் மாறி ஒப்படைப்பு முடிந்ததும், புதிதாக வந்த செவிலியரிடம் தம்பி போய், "சிஸ்டர், அம்மாவுக்குத் தண்ணி கெட்டியாக்கித்தான் குடுக்கணும், தலைமாட்டில எழுதியிருக்கு. மாத்திரை நேரத்துல நான் உக்காரவைக்க உதவுறேன்" என்று சொல்லட்டும். ஒப்படைப்பு நடந்துகொண்டிருக்கும்போது இடையில் போகாமல், முடியும்வரை பொறுப்பது நல்லது.

குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்வதால் சிகிச்சையின் தரம் உண்மையிலேயே மாறுமா என்று கேட்டால், மாறும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. வட அமெரிக்காவில் 7 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பெற்றோரையும் ரவுண்ட்ஸ் பேச்சில் முறைப்படி சேர்த்துக்கொண்டு பார்த்தார்கள். நோயாளிக்குத் தீங்கு விளைவித்த தவறுகள் சுமார் 38 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது.

திட்டிய செவிலியரும் பழிவாங்கும் பயமும்

நடந்தது தவறு. படுக்கை நனைவது பக்கவாதத்தின் விளைவு, அதற்காக ஒருவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வேலைப் பளு அதற்குக் காரணமாக இருக்கலாம், சமாதானமாக இருக்க முடியாது. இதை நீங்கள் சொல்ல வேண்டும். அதே செவிலியரிடம் தனியாக, அவர் கை ஓய்ந்த நேரத்தில், "அன்னைக்கு நீங்க சத்தம் போட்டதுல அம்மா ரொம்ப அழுதுட்டாங்க. அவங்களால சொல்ல முடியல சிஸ்டர். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை யூரின் வருதான்னு நாங்க கேட்டுச் சொல்றோம், உதவி பண்ணுங்க" என்று சொல்லலாம். அதற்கு மனம் துணியாவிட்டால் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டில் எது என்பது உங்கள் வசதி. என்னைக் கேட்டால் முதல் வழியை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் இறங்கிவருவார்கள். அடிப்பது, காரணம் சொல்லாமல் கட்டிப்போடுவது, வேண்டுமென்றே மருந்தையோ தண்ணீரையோ மறுப்பது என்று போனால் தனியாகப் பேசிப் பயனில்லை. அன்றைக்கே எழுத்தில் நிர்வாகத்துக்குப் போக வேண்டும்.

சித்தியின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 'அப்படியெல்லாம் ஒருபோதும் நடக்காது' என்று சொன்னால் அது பொய்யாகும். முகம் சுளிப்பார்கள், நாலு நாள் பேச்சு குறையலாம். ஆனால் சிகிச்சையையே கெடுத்துப் பழிவாங்குவது நீங்கள் நினைக்கும் அளவுக்கு எளிதும் இல்லை, வழக்கமும் இல்லை. தேதி, நேரம் போட்டு, பெயரைவிடச் செயலை முன்வைத்து, அமைதியான குரலில் சொல்லும் குடும்பத்திடம் ஊழியர்கள் கூடுதல் கவனமாகவே நடந்துகொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. புரையேறுவது தொடர்ந்தால் விளைவைத் தாங்கப்போவது அம்மாதான்.

நல்லது நடந்தால் அதையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பகல் செவிலியர் தினமும் பொறுமையாக உட்காரவைத்துக் கொடுக்கிறார் என்றால், அதைப் பொறுப்புச் செவிலியரின் காதில் போடுங்கள். இது காக்காய் பிடிப்பதாகிவிடுமோ என்று கூச வேண்டாம். எப்படிச் செய்தால் அம்மாவுக்கு ஒத்துவருகிறது என்ற தகவல் அதில் இருக்கிறது.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு உரிமைச் சாசனத்தில் 10 உரிமைகள் உள்ளன. கண்ணியம், மருத்துவ ஆவணங்களைப் பெறுவது, குறைகளுக்குச் செவிசாய்க்கப்பட்டு நியாயமான தீர்வு கிடைப்பது, சிகிச்சையில் நோயாளியும் குடும்பமும் பங்கேற்பது ஆகியவை அவற்றில் அடங்கும். சாசனம் என்பது சட்டம் ஆகிவிடாது. எந்த ஆவணத்தை யார் வாங்கலாம், புகாரை யாரிடம் கொடுக்கலாம் என்பதை அவரவர் நாட்டுச் சட்டம் தீர்மானிக்கும்.

ஒன்றை மட்டும் திருத்த விரும்புகிறேன். "அம்மாவால் பேச முடியாததால் இனி எல்லாம் நாங்கள்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மந்தம் தெளிந்தபின் ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேட்டுப்பாருங்கள். திட்டியதைப் பற்றிப் புகார் கொடுக்கலாமா என்பதையும் முதலில் அவரிடமே கேளுங்கள். அதேபோல் வார்டில் பேசுவதற்குக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் இருக்கட்டும். நீங்கள், தம்பி, சித்தி மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் கேட்பவர் எதை எழுதுவார்?

தம்பி எடுத்த படம்

தயவுசெய்து இணையத்தில் போட வேண்டாம். அதில் இருப்பது அம்மா மிகவும் கூசிப்போன நேரம், அதை ஊர் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முகமும் அதில் இருக்கலாம். நாட்டுக்கு நாடு சட்டமும், மருத்துவமனைக்கு மருத்துவமனை விதியும் மாறுவதால் தம்பிக்கே சிக்கல் வரலாம். படம் பரவிய நிமிடத்திலிருந்து உங்களிடம் வார்டு பேசாது, நிர்வாகமும் வழக்கறிஞரும்தான் பேசுவார்கள். அம்மா இன்னும் அதே படுக்கையில்தான் இருப்பார். அழித்துவிடவும் வேண்டாம். பத்திரமாக வைத்திருங்கள், முறையான புகார் என்று போனால் அப்போது காட்டலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா மந்தமாக இருப்பதையோ, விழுங்கும்போது என்ன ஆகிறது என்பதையோ அனுமதி கேட்டு, மருத்துவரிடம் மட்டும் காட்டுவதற்காக எடுப்பது வேறு விஷயம். அது எங்களுக்கு நிஜமாகவே உதவும்.

கருத்துப் பெட்டியில் போட்ட தாளுக்குப் பதில் வராததில் மனம் உடைய வேண்டாம். பல இடங்களில் அந்தப் பெட்டியை வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறைதான் திறக்கிறார்கள். படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு அது பயன்படாது. வீட்டுக்குப் போனபின் ஒரு கடிதமாக எழுதி நிர்வாகத்திடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். விழுங்கல் குறிப்பு மருந்து அட்டையில் இல்லாததால் என்ன நடந்தது என்பதை அதில் முதலில் எழுதுங்கள். அடுத்து வரும் நோயாளிக்கு அதைச் சரிசெய்ய அவர்களால் முடியும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போது, கெட்டியாக்கும் அளவும், மாத்திரை தரும் முறையும், திரும்ப எப்போது விழுங்கல் பரிசோதனை என்பதும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அங்கேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.